ஊஃபர் பெட்டிக்கு எட்டு வள்ளம் ராகி

போன மாதம் என் தங்கை மருமகன் கார் வாங்கினார். பாட்டு செட் வைக்க வேண்டும், நீங்களும் வாருங்கள் என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். கடை ஏசி போட்டு ஜிலுஜிலுவென்று இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் ஃபோனில் ஸ்பீக்கரின் பெயரை அடிக்கிறார்கள், பெட்டியின் அளவு தானாக வந்து விழுகிறது, பலகையை மெஷின் அறுத்துக் கொடுத்துவிடுகிறது. நானும் இந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார், அந்தக் காலத்தில் பெட்டிக்கு அளவு எப்படி எடுப்பீர்கள் என்று.

"ராகி போட்டுத்தானுங்க" என்றேன்.

கடையே சிரித்தது. அளந்த பிறகு களி கிண்டுவீர்களா, கூழ் காய்ச்சுவீர்களா என்று ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது போத்தனூரில் எல்லோருக்கும் தெரியும். பாவம், அவர்களுக்குத் தெரியவில்லை. வைத்த டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான், டீயையாவது குடித்திருக்கலாம் என்று தோன்றியது. அங்கே சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் தச்சு வேலை பழகியது போத்தனூரில், என் சித்தப்பாவின் சவப்பெட்டிக் கடையில். நல்ல தொழில். செய்து கொடுத்த பெட்டி சரியில்லை என்று அதில் படுத்தவர் யாரும் திரும்பி வந்ததில்லை. அப்புறம் கொஞ்ச காலம் பீரோ, ஷோகேஸ். தொண்ணூறுகளில் கோயமுத்தூர்க்காரர்கள் கையில் காசு புழங்கி, வாங்கிய கார் எல்லாம் பாட வேண்டும், பாடினால் போதாது அதிர வேண்டும் என்று ஆசைப்பட ஆரம்பித்தபோது, உக்கடத்தில் ஒரு கார் ஆடியோ கடையில் ஊஃபர் பெட்டி, அதாவது அடிச் சத்தத்தை அதிரவிடுகிற பெரிய ஸ்பீக்கருக்கான பெட்டி, செய்யச் சேர்ந்தேன். இந்தப் பெட்டிக்குள் இருப்பது வாயை மூடவே மூடாது. எனக்கு அது பெரிய மாற்றமாக இருந்தது.

கடை முதலாளி சிவகாமி அக்கா. அதற்கு முன்னால் ஒரு பம்ப்செட் கம்பெனியில், செய்து வந்த சாமான்களின் அளவை சரிபார்க்கிற இடத்தில் இருந்தவர். அங்கிருந்து வரும்போது அவர் கொண்டுவந்த சொத்து ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று. அது எந்நேரமும் கைப்பையில் இருக்கும். பேச்சு ரொம்பக் குறைவு. நாம் ஒரு மூலையைச் சேர்த்து, இழைத்து, வேர்த்து வழிந்து நிமிரும்போது பக்கத்தில் வந்து நிற்பார். ஸ்கேலை வைத்துப் பார்ப்பார். "ம்" என்பார். அந்த 'ம்' கீழே இறங்கினால் வேலை சரி. மேலே ஏறினால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான். பாராட்டி ஒரு வார்த்தை வராதா என்று நான் ஏங்காத நாளில்லை. என் சம்சாரம்கூட இப்படி ஒரு 'ம்' போட்டு என்னை ஆட்டி வைத்ததில்லை.

பெட்டி என்றால் அழகுக்கு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் அடைபட்டிருக்கும் காற்றுதான் அதற்குப் பிடிமானம். காற்று குறைந்தால் ஸ்பீக்கர் மூச்சு முட்டும். கூடிப்போனால் பிடிமானம் இல்லாமல் தொளதொளவென்று ஆடும், ஒரு அடியின் முனகல் அடுத்த அடிக்குள் போய் விழும். பெரிய பெட்டி பெரிய சத்தம் என்று நம்பிய ஒரு மில்காரர் மகன், அக்கா சொன்னதைக் கேட்காமல் வேறு இடத்தில் போய் டிக்கி முழுவதும் பெட்டியாகவே செய்து போட்டுக்கொண்டார். பாட்டைவிட நம்பர் பிளேட் சத்தமாகப் பாடியது. ஸ்டெப்னி வைக்க இடமில்லாமல் அது பின் சீட்டில் அவருடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தது. கடைசியில் அந்த அம்மாதான் எங்களிடம் அனுப்பி வைத்தார்கள்.

சதுரப் பெட்டி என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கலாம். கார் டிக்கி சதுரமாகவா இருக்கிறது? ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் சக்கரத்தின் வளைவு. அதனால் அக்கா ஒரு வழி வைத்திருந்தார். டிக்கியின் வளைவுக்குத் தகுந்தபடி பெட்டியைச் செய்வோம், பின்பலகையை மட்டும் அடிக்க மாட்டோம். ஸ்பீக்கர் ஓட்டையை அட்டையால் மூடி, முதுகு மேலே வரும்படி தொட்டி மாதிரி வைத்து, உள்ளே ராகி கொட்டுவோம். ராகிதான் பொடிசு, மூலை முடுக்கெல்லாம் ஓடி நிறையும். இந்த ஸ்பீக்கருக்கு இத்தனை வள்ளம் என்று அக்காவுக்குக் கணக்கு. வள்ளம் என்பது எங்கள் பக்கம் தானியம் அளக்கிற பாத்திரம், நாலு படி பிடிக்கும். ஒவ்வொரு வள்ளத்தையும் நிரப்பி, ஸ்டீல் ஸ்கேலால் தலையை சரக்கென்று வழித்துவிட்டுத்தான் அக்கா கொட்டுவார். ராகி எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே கோடு. ராகியை அள்ளி எடுத்துவிட்டு, கோட்டோடு அறுத்துப் பின்பலகையை அடித்தால் அளவு தப்பாது. அப்புறம் காற்று போக ஒரு துண்டு பிவிசி குழாய், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற அதே குழாய்தான். கடைசியாக ஊதுபத்தி கொளுத்தி இணைப்புகளின் ஓரமாகக் காட்டுவோம். புகை ஆடினால் காற்று கசிகிறது என்று அர்த்தம். பார்க்கிறவர்கள் பெட்டிக்குப் பூஜை போடுகிறோம் என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சென்னிமலைப் பக்கமிருந்து குழந்தைவேலு என்பவர் அம்பாசிடர் காரில் வந்து இறங்கினார். விசைத்தறிப் பட்டறை வைத்திருப்பவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மீசை தடிமனாக இருந்தது. கூடவே அவர் மனைவி பழனியம்மா. குழந்தைவேலு எங்களைக் கிட்டே வரச் சொல்லி, இந்த விஷயம் வெளியில் யாருக்கும் தெரியக் கூடாது என்று ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்த சத்தத்தில் எதிர் டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். குழந்தைவேலுவுக்குக் காது கேட்காது. தறிச் சத்தத்திலேயே நின்று நின்று இரண்டு காதும் போய்விட்டன. தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று அவருக்கே தெரியாது. உக்கடம் பூராவும் கேட்கும்படி அவர் சொன்ன ரகசியம் இதுதான்.

அவர்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில், அதாவது திருவிழாவில், கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள். மேளம் அடிக்க அடிக்க ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். அடி மாறினால் கால் மாற வேண்டும். அடி சட்டென்று நின்றால், தூக்கிய கால் தூக்கியபடி நிற்க வேண்டும். இளவட்டமாக இருந்த காலம் தொட்டு அந்த ஆட்டத்துக்கு முன்னாடி நிற்பவர் குழந்தைவேலுதான். காது மங்க மங்க, பக்கத்தில் ஆடுபவர் காலைப் பார்த்து ஆடிச் சமாளித்திருக்கிறார். ஒரு நோம்பியில் கண்ணை மூடி லயித்து ஆடியபோது மேளம் நின்றுவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. ஊரே நின்று பார்க்க அவர் மட்டும் கம்பத்தைச் சுற்றித் தனியாக ஆடியிருக்கிறார். கண்ணைத் திறந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவர் நோம்பிக்குப் போகவில்லை. நோம்பி நாளில் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாராம். இதைச் சொல்லும்போது பழனியம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அடி விழுகறது நெஞ்சுல தெரியுதுங்க. நிக்கறதுதான் தெரிய மாட்டேங்குது" என்றார் குழந்தைவேலு. "அது தெரியற மாதிரி ஒரு பெட்டி செஞ்சு குடுங்க. தோட்டத்துல காரெ நிறுத்திப்போட்டு, யாரும் பாக்காத நேரமாப் பழகிக்குவேன்."

கம்பத்து மேளத்தை டேப்பில் பிடித்து வைத்திருந்தார். வருகிற நோம்பிக்கு ஆட வேண்டும், முடியாவிட்டால் இனி இந்த ஆசையையே விட்டுவிடுகிறேன் என்றார். சிவகாமி அக்கா அவர் முகத்துக்கு நேரே நின்று, வாயசைவு தெரியும்படி மெதுவாக, "செஞ்சுருலாமுங்க" என்றார். கடையில் சேர்ந்த நாள் முதல் அக்கா யாருக்கும் அப்படி வாக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை. செய்யப்போகிறவனோ நான்.

பட்டறையில் நெய்த பெட்சீட் ஏற்றிப் போக கார் தினமும் வேண்டும், கடையில் விட முடியாது என்றுவிட்டார்கள். ஆகவே அக்கா கணக்குப் போட்டு, எட்டு வள்ளம் என்று சொல்லி, அதற்குத் தகுந்தபடி குழாயையும் அறுத்துக் கொடுத்து, என்னை ஊருக்கு அனுப்பினார். பலகைகளும் ஸ்பீக்கரும் கடை வள்ளமும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வள்ளத்தைப் பார்த்த கண்டக்டர், எந்த ஊர்ச் சந்தைக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். ஊஃபர் பெட்டி செய்யப் போகிறேன் என்றேன். அதற்கப்புறம் இறங்கும்வரை அவர் என்னிடம் பேசவில்லை.

வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் பெட்டியைக் கூட்டி முடித்தேன். அம்பாசிடர் டிக்கியின் சரிவுக்கு அது அச்சாகப் பொருந்தியது. இனி ராகி அளக்க வேண்டியதுதான். வள்ளத்தை நான் கையில் எடுத்ததும் பழனியம்மா வாங்கிக்கொண்டார். அவர் வீட்டுத் தானியத்தை வீட்டுப் பொம்பளைதான் அளந்து போட வேண்டுமாம், வந்த ஆள் கையில் அளக்கவிட்டால் நன்றாக இருக்காதாம். நல்லதாகப் போயிற்று என்று நான் பெட்டிக்குள் தலையை விட்டு, விழுகிற ராகியைக் கையால் பரப்பிக்கொண்டிருந்தேன். மேலே இருந்து "லாபம்" என்று குரல் வந்தது. எங்கள் பக்கம் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார்கள், லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ரெண்டு, மூணு என்று எட்டு வரை வந்தது. கோடு போட்டேன், அறுத்தேன், பின்பலகையை அடித்தேன், குழாயைப் பொருத்தினேன், ஊதுபத்தி காட்டினேன். புகை துளியும் ஆடவில்லை. ஆகா, அக்கா மட்டும் இங்கே இருந்தால் 'ம்' கீழே இறங்கியிருக்கும் என்று எனக்கு ஒரே பெருமை.

ஸ்பீக்கரை மாட்டி, பெட்டியை டிக்கியில் வைத்து, டேப்பைப் போட்டேன். வாசலில் கிடந்த கோழி அந்தப் பக்கம் ஓடியது. குழந்தைவேலு செருப்பைக் கழற்றிவிட்டு டிக்கி ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையைப் பலகையில் வைத்துக் கண்ணை மூடினார். மேளம் அடித்தது, மாறியது, நின்றது. அவர் கை நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அப்படித்தான். எனக்கே கேட்டது, மேளம் நின்ற பிறகும் பெட்டி ஊம்... என்று முனகிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்து எங்கள் முகத்தைப் பார்த்தார். மேளம் எப்போதோ நின்றுவிட்டது என்று பார்த்ததிலேயே தெரிந்துகொண்டார்.

"இது நம்ம தறிச் சத்தமுங்க" என்றார்.

எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார். அவர் காதைத் தின்ற அதே சத்தத்தை, காடு மேடெல்லாம் பஸ்ஸில் சுமந்து வந்து அவருக்கு நானே கொடுத்திருக்கிறேன். எனக்கு வந்த துக்கத்தில் ஸ்பீக்கரையே எடுத்துக் கிணற்றில் போட்டுவிடலாம் போல இருந்தது.

சென்னிமலை பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்துக்குப் போய் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். இணைப்பு எல்லாம் சரி, குழாய் நீங்கள் அறுத்துக் கொடுத்ததுதான், ஆனாலும் முனகல் நிற்கவில்லை என்று ஒப்பித்தேன். அக்கா கேட்டது வேறொன்று.

"ராகி அளந்தது யாரு?"

"அந்தம்மாதானுங்க்கா."

"தலை வழிச்சாங்களா, கோபுரமா அளந்தாங்களா?"

பெட்டிக்குள் தலையை விட்டிருந்தவனுக்கு மேலே நடந்தது எப்படித் தெரியும்? ஆனால் தெரியாமலும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் காடு தோட்டம் வைத்திருக்கிற எந்தப் பண்ணயத்து வீட்டு அம்மா அடுத்தவருக்கு அளந்து போடும்போது தலையை வழித்திருக்கிறார்? நெருப்பு வாங்க வந்தவருக்குக்கூடக் குவித்துக் கொடுக்கிற ஆட்கள். வழித்து அளந்தால் வீட்டு லட்சுமி குறைந்துவிடும். எட்டு வள்ளத்துக்கும் எட்டுக் கோபுரம். அத்தனைக்கும் இடம் விட்டு நான் பெட்டியைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன்.

அக்கா சிரித்தார். அப்போதுதான் அவர் சிரிப்பை முதன்முதலாகக் கேட்டேன், அதுவும் ஃபோனில். பெட்டியைப் பிரிக்க வேண்டாம், அந்தக் கோபுரங்களை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து, அந்த அளவுக்குப் பெட்டிக்குள் ஏதாவது வைத்து அடைத்துவிடு என்றார்.

திரும்பிப் போய்ப் பழனியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. தன் கை தாராளத்தால்தான் வீட்டுக்காரர் எழுந்து போனார் என்று தெரிந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். உங்கள்மேல் தப்பில்லை, அளந்து போட்ட மாதிரியே இன்னொரு தடவை அளங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் வள்ளத்தைக் குவித்து நீட்ட, உள்ளங்கையைக் கத்தி மாதிரி நீட்டித் தலையை வழிக்கக் காட்டிக் கொடுத்தேன். முதல் தடவை வழிக்கும்போது அந்தக் கை கூசியதை நான் பார்த்தேன். கோபுரம் எல்லாம் முறத்தில் சேர்ந்தது. பார்த்தால் ஒரு குடும்பம் வாரம் பூரா களி தின்னலாம், அவ்வளவு.

அந்த அளவுக்கு மரக்கட்டை வெட்டி உள்ளே வைக்கலாம் என்று நான் ரம்பத்தை எடுத்தேன். பழனியம்மா மறித்துவிட்டார்.

"குடுத்ததெத் திருப்பி எடுக்கறது எங்கூட்டுல பழக்கமில்லீங் தம்பி. அந்த ராகியே உள்ள இருக்கட்டும்."

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. ராகியில் பூச்சி விழாது, எத்தனை வருஷமானாலும் அப்படியே கிடக்கும். பட்டறையில் கிடந்த பெட்சீட் துண்டில் பை தைத்து, முறத்து ராகி மொத்தத்தையும் கெட்டியாகக் கட்டினார். ஸ்பீக்கரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் பையை உள்ளே தள்ளி, ஆடாமல் ஒரு ரீப்பர் கட்டை அடித்து இறுக்கினேன். உலகத்தில் வேறு எந்த ஊஃபர் பெட்டிக்குள்ளும் சாப்பாட்டுச் சாமான் இருந்திருக்காது.

குழந்தைவேலுவைப் பட்டறையிலிருந்து கூட்டி வருவதுதான் பெரும்பாடாகிவிட்டது. வேண்டாம், விடுங்கள் என்று உட்கார்ந்துகொண்டார். பழனியம்மா கையைப் பிடித்து இழுத்து வந்து டிக்கி ஓரத்தில் உட்கார வைத்தார். டேப்பைப் போட்டேன். இந்தத் தடவை கோழி ஓடவில்லை. சத்தம் குறைந்துவிட்டதோ என்றுகூட எனக்குப் பயம் வந்தது. ஆனால் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக, உரலில் உலக்கை விழுவது போல விழுந்தது. குழந்தைவேலு கண்ணை மூடியிருந்தார். பழனியம்மா அவருக்கு நேர் எதிரில் நின்றார். மேளம் ஓடியது, மாறியது, சட்டென்று நின்றது. நின்ற அதே கணத்தில் அந்த அம்மா, கொஞ்சம் முன்னால் கற்றுக்கொண்டபடி, உள்ளங்கையை நீட்டிக் காற்றில் ஒரு வழி வழித்தார், நின்றுவிட்டது என்பதுபோல.

குழந்தைவேலு கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தார். அவர் கை அதற்கு முன்னாலேயே நின்றிருந்தது.

மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் நின்றது. அடுத்த தடவை உட்கார்ந்து கேட்கவில்லை, இறங்கி வெறுங்காலோடு மண்ணில் ஆடினார். அந்த வயதில், அந்த உடம்பில், அடி மாறும்போதெல்லாம் கால் மாறியது. நின்றபோது தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. பழனியம்மா ஒவ்வொரு தடவையும் காற்றை வழித்து வழித்துக் காட்டிக்கொண்டே அழுதார். கண்ணில் ராகித் தூசி விழுந்தது என்று நான் சொல்லலாம். இல்லை, நானும் அழுதேன்.

நோம்பி வரும்வரை தினமும் தோட்டத்தில் காரை நிறுத்திப் பழகினாராம். நோம்பிக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது. கடையைச் சாத்திவிட்டு எங்கேயும் போகாத சிவகாமி அக்கா அன்றைக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். போய் இறங்கியதும் பழனியம்மா அக்கா கொண்டுவந்த துணிப்பையைப் பிடுங்கி ராகி அளந்து போட்டார், கோபுரம் கோபுரமாக. அக்காவின் கை பழக்கதோஷத்தில் கைப்பைக்குள் ஸ்டீல் ஸ்கேலைத் தேடிப் போனது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கம்பத்துக்கு முன்னால் குழந்தைவேலு வந்து நின்றதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அன்றைக்குச் சிரித்த ஆட்களும் அங்கேதான் இருந்தார்கள். செருப்பைக் கழற்றிப் பழனியம்மாவிடம் கொடுத்துவிட்டு மேளக்காரர்களுக்குப் பக்கமாக இடம் பிடித்தார். மேளம் ஆரம்பித்தது. முதலில் பக்கத்து ஆள் காலைப் பார்த்தார். அப்புறம் பார்ப்பதை விட்டார். கண்ணை மூடிவிட்டார். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார், பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை. அடி வேகமெடுத்தது, புழுதி முழங்கால் வரை எழுந்தது. மேளக்காரர்கள் யாரும் எதிர்பார்க்காத ஓர் இடத்தில் சட்டென்று நிறுத்தினார்கள்.

காது நன்றாகக் கேட்கிற இளவட்டங்கள் எல்லாம் ஓர் எட்டு அதிகமாக வைத்து ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். குழந்தைவேலு ஒற்றைக் காலைத் தூக்கியபடி, கண்ணை மூடியபடி, நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார். ஊரில் ஒரு சத்தம் இல்லை.

"நின்னுபோச்சுங்களா?" என்று அவர் ஊர் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து கூட்டத்துக்குள் தேடினார். செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்ற பழனியம்மா, மறு கையைத் தலைக்கு மேல் தூக்கி, எல்லோரும் பார்க்க, காற்றை ஒரே வழியாக வழித்துக் காட்டினார்.